மோட்டாரில் சுற்றிய முடி

ரிமோட் காரோட மோட்டாரைக் கழட்டறதுங்கறது, யாரும் கூப்பிடாம அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு பாத்துட்டு வர்ற வேலை.

நம்பலைன்னா உங்க வண்டியையே கவுத்துப் பாருங்க. மோட்டார் தண்டு வெளிய வர்ற எடத்துல, பினியன்னு சொல்ற குட்டிப் பல்சக்கரத்துக்குப் பின்னாடி, வீட்டுத் தரையில கெடக்கற அத்தனையும் சுத்திக்கிட்டு இருக்கும். நாய் முடி, பாய் நார், புடவை ஜரிகை, கோலமாவு. அதை ஊசியால நோண்டி எடுக்கறப்போ, இந்த வீட்டுல ஒழுங்காப் பெருக்கறாங்களா, நாய் என்ன நிறம், சம்சாரம் ஊருக்குப் போயிருக்காங்களாங்கற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சு என்ன பண்ண? வாயை மூடிக்கிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குடுத்துடுவேன்.

என் பேரு சரோஜா. மைசூர்ல ஹெப்பாள் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில இருபது வருஷம், மோட்டாருக்குள்ள சுழல்ற ஆர்மேச்சருக்குக் கம்பி சுத்தினேன். கம்பெனியை மூடினதும், காந்தி நகர்ல ஜெயம்மாவோட தையல் கடையில பாதி மேசையைப் பிடிச்சுக்கிட்டு இந்த ரிப்பேர் வேலையை ஆரம்பிச்சேன். ஜெயம்மா கன்னடக்காரி. ஆனா தமிழ்ல வெளுத்து வாங்குவா. அவ பக்கம் ரவிக்கை, என் பக்கம் கார்பன் கரி. நேத்து பறந்துச்சு, இன்னிக்கு முக்குது, தொட்டா கை பொத்துப் போகுதுன்னு மோட்டாரோட மாரடிக்கற என் சக அவஸ்தைக்காரங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்களுக்குச் சொன்னா, பொம்மைக் காருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்னு சிரிப்பாங்க.

பரண்ல அழுத வண்டி

ஒருநாள் காலையில கடையைத் தொறந்ததும் குவெம்பு நகர்லேருந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வந்தாங்க. அவரு பேங்க்ல வேலை. அந்தம்மா கையில மஞ்சத் துணியில சுத்தின ஒரு மூட்டை. பிரிச்சா உள்ள கார். கார் மேல எலுமிச்சம்பழம், குங்குமத்தோட. மூணு நாளா பரண்ல யாரோ அழறாங்களாம். பீ... பீ...ன்னு கொஞ்சம் விட்டு விட்டு. ஏறிப் பாத்தா இந்தக் காரைத் தவிர யாரும் இல்ல. இறங்கி வந்தா மறுபடியும் பீ. அந்தம்மா ரெண்டாம் நாளே அந்த ரூமுக்குள்ள போறதை நிறுத்திட்டு, கோயில்ல சொல்லி எலுமிச்சம்பழம் மந்திரிச்சு வாங்கியிருக்காங்க.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியல. இந்த பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கே, அதுக்கு, உரசிக்கிட்டே கரண்டு குடுக்கற கார்பன் பிரஷ்ங்கற கரிக்கட்டை கிடையாது. ஸ்பீடு கன்ட்ரோலர்னு ஒரு டப்பாதான் அதுக்குக் கரண்டைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கும். வண்டியை ஆஃப் பண்ணாம கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டா, அந்த டப்பா நம்மளைக் கூப்பிடும். அதுக்குன்னு ஸ்பீக்கர் கிடையாது. மோட்டார் கம்பியையே அதிர வச்சு சத்தம் போடும். தொலைஞ்ச வண்டி எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. பேட்டரி தீர்ற வரைக்கும் விடாது. வேண்டாம்னா நிறுத்த ஒரு சின்ன கார்டு இருக்கு, சொருகி ரெண்டு பட்டன் அமுக்கினா போதும். அதைக்கூடப் பண்ணாம வண்டியை வித்த கடைக்காரனை நான் பொறுப்பில்லாத ஜென்மம்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தத் திட்டை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி எனக்கே திரும்பி வரும். எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி, சத்தத்தை நிறுத்தி, வண்டியை நீட்டினேன். அந்தம்மா வாங்கிக்கிட்டுச் சொன்னாங்க:

"எல்லாம் புரிஞ்சுதுங்க, ஆனா அந்த எலுமிச்சம்பழம் வண்டியிலயே இருக்கட்டும், எடுக்காதீங்க."

டம்ளர்ல கறுப்புத் தண்ணி

மாதையன்னு ஒருத்தர் மொதல் தடவை கடைக்கு வந்தது அதுக்கு அடுத்த வாரம். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். சுத்தமா வழிச்ச மொட்டைத் தலை, இஸ்திரி போட்ட சட்டை. ஹனூர் பக்கத்து ஆளு, கொள்ளேகால்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்போ மைசூர்ல ஒரு பட்டு மில்லுல சூப்பர்வைசர். எங்க அம்மா ஊரும் கொள்ளேகால்தான்னு நான் உற்சாகமா ஆரம்பிச்சேன். அவரு பேச்சை வளக்கல. அகலமான ஒரு பழைய காரை மேசையில வச்சாரு. மேல் கூடு இல்ல. அது இருக்க வேண்டிய எடத்துல ஒரு தகரத் தட்டம், நாலு போல்ட்டு போட்டு முறுக்கியிருந்துச்சு.

பழைய பிரஷ் மோட்டார். பிரஷ் ரெண்டும் தேஞ்சு கட்டையாகி, ஓடறப்போ கீன்னு பல்லு கூசற சத்தம். புது பிரஷ் போட்டேன். புது பிரஷ் உள்ள இருக்கற செப்பு உருளையோட வளைவுக்குப் பொருந்தி உக்காரணும். அதுக்கு எங்க வழி என்னன்னா, மோட்டாரை ஒரு டம்ளர் தண்ணியில முக்கி, கொஞ்சமா கரண்டு குடுத்து ஓட விடறது. அஞ்சே நிமிஷத்துல கரி கரைஞ்சு தண்ணி கறுத்துப் போகும். மொத தடவை பாக்கறவங்க எல்லாரும் அலறுவாங்க. இவரு அலறல. டம்ளர் மேல குனிஞ்சு, தண்ணி கறுக்கறதைப் பாக்காம, காதை மட்டும் குடுத்துக் கேட்டுக்கிட்டே நின்னாரு. என்ன பாக்கறீங்கன்னு கேட்டேன். நிமிராமலே பதில் வந்துச்சு:

"வேகம் வேண்டாமுங்க, ஓடாட்டிக்கூடப் பரவால்லீங்க, சத்தம் மட்டும் கேக்கக் கூடாதுங்க."

நாப்பது இன்ச்

ஒரே மாசத்துல திரும்பி வந்தாரு. மோட்டார் கத்துதுன்னாரு. கழட்டினேன். தண்டு முழுக்க முடி. ஒண்ணு ரெண்டு இல்ல, பேரிங் வாய் தெரியாத அளவுக்கு இறுக்கிச் சுத்தி, சூட்டுல கருகி நாறுது. ஊசியால மெதுவா அவுத்து, ஒரு இழையை முழுசா உருவினேன். உருவ உருவ வந்துக்கிட்டே இருந்துச்சு. ஜெயம்மா தன்னோட டேப்பைத் தூக்கிப் போட்டா. நாப்பது இன்ச்.

பொம்பளை முடி. விளக்கெண்ணெய் வாசனை. மிதிபட்டு மண்ணேறின முடியில்ல, நேத்து உதிர்ந்த முடி. நான் மாதையனோட மொட்டைத் தலையைப் பாத்தேன். "வீட்டுல அம்மணியைத் தலை சீவறப்போ ஓரமா உக்காந்து சீவச் சொல்லுங்க, மோட்டார் பாவம்"னு சும்மா ஒரு கிண்டலுக்குச் சொன்னேன். மனுஷன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் உருவி வச்சிருந்த முடியை மேசையிலேருந்து எடுத்து, நாலா மடிச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் என் கண்ணைப் பாத்துச் சொன்னாரு:

"ஊட்டுல நான் ஒருத்தன் மட்டுந்தானுங்க, பொம்பளைங்க யாருமே இல்லீங்க."

பேட்டரிக்கு அடியில

அதுக்கப்புறம் மாசா மாசம் வந்தாரு. மாசா மாசம் முடி. நானும் கேக்கல, அவரும் சொல்லல. ஆனா அவரு வண்டியைத் தொடறப்போ எனக்குக் கை கூச ஆரம்பிச்சுடுச்சு. தட்டத்து ஓரத்துல காஞ்ச சோத்துப் பருக்கை. ஒருதடவை தகரத்துல நகத்தால கீறின கோடு, பக்கம் பக்கமா நாலு. இன்னொரு விஷயமும் கவனிச்சேன். வண்டியோட ரெண்டு பக்கமும் வர வரப் பெயிண்ட் உரிஞ்சுக்கிட்டே வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல. ரொம்பக் குறுகலான ஒரு சந்துக்குள்ள தெனமும் போய் வர்ற வண்டி அது. அந்தச் சந்து மாசத்துக்கு மாசம் குறுகிக்கிட்டே வருது.

அஞ்சாவது தடவை, பேட்டரியைக் கழட்டறப்போ அடியில ஒரு காகிதம். காலண்டர் தாளைக் கிழிச்சு, பட்டையா மடிச்சுச் சொருகியிருந்துச்சு. உள்ள பென்சில்ல தமிழ்ல ரெண்டே வார்த்தை. "சத்தம் வேண்டாம்." தாள் கிழியற அளவுக்கு அமுக்கி எழுதின எழுத்து. மாதையனோட எழுத்து எனக்குத் தெரியும், ரசீதுல கையெழுத்துப் போடுவாரு. இது அவரு எழுத்து இல்ல. எவளையோ அடைச்சு வச்சிருக்கான் இந்த ஆளு, சத்தம் போடாதேன்னு மெரட்டி வச்சிருக்கான், அவ வெளிய சொல்ல வழியில்லாம வண்டியில காகிதம் அனுப்பறா. இப்படித்தான் என் புத்தி போச்சு. ஜெயம்மாகிட்ட காட்டினேன், அவளுக்குத் தமிழ் படிக்க வராது, படிச்சும் சொன்னேன். போலீசுக்குப் போவோமா, பொய்யா இருந்தா ஒரு மனுஷனோட மானம் போயிடுமேன்னு நான் இழுத்தேன். அவ கத்திரிக்கோலைப் பட்டுன்னு கீழ வச்சா:

"நீ யோசிச்சுக்கிட்டே உக்காரு சரோஜா, நான் போறேன், உள்ளே ஒரு பொண்ணு இருக்கா."

சுவத்தைப் பாத்து நின்ன ஆளு

மாதையன் வண்டியை வாங்கிக்கிட்டுப் போன நாலாம் நாள், ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு, ரசீதுல இருந்த விலாசத்தை வச்சு நாங்க ரெண்டு பேரும் அவரு வீட்டுக்குப் போனோம். என்.ஆர். மொஹல்லாவுல ஒரு சந்து, மாடி வீடு. அன்னிக்கு நல்ல வெயில். கீழ ஒருத்தர் ஸ்கூட்டர் கழுவிக்கிட்டு இருந்தாரு. பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லாத பகல். மாடிப்படி ஏறி முடிக்கற எடம் ஒரு நீளமான நடையோட நடுவுல இருந்துச்சு.

எடது கோடியில மாதையன். சுவத்தைப் பாத்து, மூக்கு சுவத்துல இடிக்கற மாதிரி நிக்கறாரு. கையில ரிமோட். அவரு மூஞ்சிக்கு நேரா ஆணியில ஒரு சவரக் கண்ணாடி. வலது கோடியில ஒரு சாத்தின கதவு. நடுவுல, எங்க காலுக்கு முன்னாடி, அந்தக் கார் தட்டத்துல சோறும் கொழம்பும் வச்சுக்கிட்டு ஊர்ந்து போகுது. நான் எண்ணெய் போட்ட மோட்டார்தான், ஆனாலும் அந்த அமைதியில கீன்னு கேட்டுச்சு. கார் கதவுக்கிட்ட போய் நின்னுச்சு. கதவு தொறந்துச்சு. சரியா வண்டி நுழையற அளவு. அதுக்கு மேல ஒரு விரக்கடை இல்ல. உள்ள இருட்டு. கதவுக்குக் கீழ தரையில, இருட்டுலேருந்து வெளிய வழிஞ்சு கெடந்துச்சு முடி. வண்டி உரசிக்கிட்டே உள்ள போச்சு. மாதையன் உதடு அசைய என்னமோ எண்ண ஆரம்பிச்சாரு. ஜெயம்மா என் கையை நகம் பதியப் பிடிச்சா. எதையும் தட்டிக் கேக்கற அந்தப் பொம்பளை, காத்து மாதிரி ஒரு குரல்ல சொன்னா:

"நடி சரோஜா, ஹோகோணா, போயிடலாம் வா, இங்க நாம நிக்கக் கூடாது."

கண்ணாடியில தெரிஞ்சது

மறுநாள் காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடியே மாதையன் வாசல்ல நின்னாரு. "கண்ணாடில உங்க ரெண்டு பேரையும் பாத்தேனுங்க"ன்னாரு. அவரு கோவப்படல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, கையைப் பாத்துக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாரு.

உள்ள இருக்கறது அவரு தங்கச்சி, ருக்குமணி. நாலு வருஷம் முன்னாடி அவளும் புருஷனும் பைக்ல, எல்லையில இருக்கற பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வந்துக்கிட்டு இருந்தப்போ காட்டு ரோட்டுல விழுந்துட்டாங்க. புருஷன் அங்கேயே போயிட்டான். இவ கால் மாட்டிக்கிட்டு நகர முடியாம கெடந்தா. விழுந்த பைக்கோட எஞ்சின் நிக்காம கத்திக்கிட்டே இருந்துச்சு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் கத்துச்சு. யாரும் வரல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவ அந்த ரூமுக்குள்ள போனதுதான். உள்ளயே குளியலறை இருக்கு. கதவுக்குக் கிட்ட ஆள் இருந்தா தொறக்க மாட்டா, யாராவது பாத்தாலும் தொறக்க மாட்டா. தட்டை வச்சுட்டு அவரு தெருவுல போய் நின்னா, கீழ எதாவது வண்டி போகும், கதவு சாத்திக்கும். கடைசியில யாரோ கழிச்சுக் கட்டின இந்தக் காரை வாங்கி, அதுல சோறு அனுப்பிப் பாத்திருக்காரு. தொறந்திருக்கா. வண்டி உள்ள போனதும் நூறு எண்ணுவாரு, அதுக்குள்ள அவ சோத்தை எடுத்துக்குவா, இவரு ரிவர்ஸ்ல எடுத்துடுவாரு. அவ உள்ள இருக்கறதை வெளிய சொன்னா சொந்தக்காரங்க கதவை ஒடைச்சு எங்கேயாவது கொண்டு போய் விட்டுடுவாங்கன்னு பயம். அதான் வீட்டுல பொம்பளைங்க இல்லன்னு சொன்ன பொய்.

மொதல்ல கதவு பாதி தொறக்குமாம். முடி சுத்தச் சுத்த மோட்டார் கத்தும், கத்தக் கத்தக் கதவு குறுகும். போன வாரம் வண்டி ரெண்டு பக்கமும் இடிச்சுக்கிட்டுதான் போச்சு. நான் பிரஷ் போட்டு, எண்ணெய் விட்டு, சரியாயிடுச்சு போங்கன்னு அலட்சியமா அனுப்பினது ஒவ்வொண்ணும் நெனப்புக்கு வந்துச்சு. என் மோட்டார் கத்தினா அந்தப் பொண்ணுக்குச் சோறில்ல. அந்தக் காகிதத்தை எடுத்து அவருகிட்ட நீட்டினேன். பாத்ததும் அழுதுட்டாரு. நாலு வருஷத்துல அவ சொன்ன மொத வார்த்தை அதுதானாம். கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கேட்டாரு:

"இன்னும் ஒரு விரக்கடை குறுகினா வண்டி போகாதுங்கக்கா, சத்தமே இல்லாத மோட்டாரு ஒண்ணு பாத்துக் குடுப்பீங்களா?"

எந்த மோட்டாரு?

என் வாழ்க்கையில ஒரு மோட்டாரைத் தேர்ந்தெடுக்க நான் அவ்வளவு யோசிச்சதில்ல. ரேஸ்காரங்க வந்தா அஞ்சு நிமிஷ வேலை. கம்பிச் சுத்து கொறைவா இருந்தா வேகம், அதிகமா இருந்தா இழுவை, எது வேணும் சொல்லுன்னு முடிச்சுடுவேன். இங்க வேகமும் வேண்டாம், இழுவையும் வேண்டாம். பிரஷ் மோட்டார் எத்தனை சுத்துல போட்டாலும் கரி உரசற சத்தம் இருக்கும். சாதா பிரஷ்லெஸ் போட்டா, கெளம்பறப்போ காந்தம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியாம டக்டக்குன்னு தடுமாறும். சென்சார் வச்ச பிரஷ்லெஸ்தான் சரி. காந்தம் நிக்கற எடம் அதுக்குத் தெரியும், நெய்யில விரல் வச்ச மாதிரி கெளம்பும். புது மோட்டார், புது ஸ்பீடு கன்ட்ரோலர், அந்த அகலத்துக்குப் பாதி இருக்கற ஒடிசலான வண்டி, பெரிய பேட்டரி. முடி ஏறாம இருக்க, ஜெயம்மா கம்பளித் துணியில வட்டமா ஒரு மறைப்பு வெட்டித் தச்சுக் குடுத்தா. பல்சக்கரம் ரெண்டும் ரொம்ப நெருங்கினாலும் கத்தும், விலகினாலும் கத்தும். நடுவுல ஒரு தாளைக் குடுத்து எடைவெளி வைக்கறது வழக்கம். கையில இருந்த தாள் அவ எழுதினதுதான். அதையே குடுத்து அளவு வச்சேன். தாள்ல பல்லுத் தடம் வரிசையா விழுந்துச்சு. மாதையன் அதையும் மடிச்சுப் பையில போட்டுக்கிட்டாரு.

கடைத் தரையில விட்டுப் பாத்தோம். ஒண்ணும் கேக்கல. காதை வச்சாலும் கேக்கல. ஜெயம்மா திரும்பி உக்காந்து தச்சுக்கிட்டு இருந்தா. வண்டி போய் அவ குதிகாலைத் தொட்டதும்தான் அலறிக்கிட்டுக் குதிச்சா. நான் பெருமையில பூரிச்சுப் போயிருந்தேன். இத்தனை வருஷ வேலையில இப்படி ஒரு மோட்டார் நான் பூட்டினதில்ல. அவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா:

"அய்யோ, சத்தமில்லாம பின்னாடி வந்து நிக்குதே, இது எனக்கு நல்லதாப் படலைம்மா."

யாருமே வரல

மூணாம் நாள் காலையில மாதையன் ஓடி வந்தாரு. செருப்பில்ல. வண்டி உள்ள போச்சாம், திரும்பி வரலையாம். மொத நாளே. கதவு நல்லாத் தொறந்துச்சு, வண்டி சத்தமில்லாம போச்சு. புதுசாச்சே, அவ நிதானமா எடுக்கட்டும்னு இவரு நூறுக்குப் பதிலா ஐநூறு எண்ணியிருக்காரு. எண்ணிக்கிட்டு இருக்கறப்பவே உள்ள பீன்னு ஒரு சத்தம். கதவு படார்னு சாத்திடுச்சு. அன்னிலேருந்து ரெண்டு நாளா கதவு தொறக்கல. வெளிய வச்ச சோறு அப்படியே இருக்கு. உள்ளேருந்து பீ... பீ...ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு விடியக்கால அதுவும் நின்னு போச்சு, கூப்பிட்டா பதில் இல்லன்னாரு.

புது மோட்டாரோட அந்த பீ சத்தத்தை நிறுத்த மறந்துட்டேன். ரெண்டே பட்டன். பரண்ல அழுத வண்டிக்காக ஊரையே திட்டின நான், சத்தம் கேட்டா சாகற பொண்ணோட ரூமுக்குள்ள, கத்தற மோட்டாரை என் கையால அனுப்பி வச்சிருக்கேன். பொறுப்பில்லாத ஜென்மம்னு நான் சொன்னது எனக்கேதான். பையில அந்தக் கார்டையும் ஒரு பேட்டரியையும் போட்டுக்கிட்டு ஆட்டோ பிடிச்சோம். வழியெல்லாம் நான் கும்பிடாத சாமி இல்ல.

மாடியில ஒரு சத்தமும் இல்ல. மாதையனைப் படியிலேயே நிக்கச் சொல்லிட்டு, நான் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில உக்காந்தேன். தூரத்துச் சுவத்துல சவரக் கண்ணாடி தொங்குது, அதுல எனக்குப் பின்னாடி கதவு சின்னதாத் தெரியுது. "கண்ணு, நான் சரோஜா, மோட்டார் ரிப்பேர்க்காரி"ன்னேன். "அந்தச் சத்தம் உங்கண்ணன் பண்ணது இல்ல. நான் பண்ண தப்பு. நிறுத்திக் குடுக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சுடு. சோத்தை மட்டும் எடுத்துக்க." இருக்காளா இல்லையான்னே தெரியல. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியாது. கண்ணாடியில கதவு ஒரு கோடு அளவு கறுத்துச்சு. அப்புறம் ஒரு சாண். அப்புறம் பாதி. அப்புறம் முழுசா. என் தோள் மேல முடி விழுந்துச்சு. விளக்கெண்ணெய் வாசனை. மெலிஞ்ச ரெண்டு கை முன்னாடி வந்து அந்த வண்டியை என் மடியில வச்சுச்சு. ஒரு பழைய புடவைத் துணியில, கொழந்தையைச் சுத்தற மாதிரி தலை மட்டும் தெரிய வண்டியைச் சுத்தியிருந்தா.

"அழுதுச்சுங்க"ன்னா. ரொம்ப நாள் பேசாத தொண்டை, கரகரன்னு இருந்துச்சு. "ரெண்டு நாளா அழுதுச்சுங்க. யாருமே வரல. அன்னிக்கும் அப்பிடித்தான், வண்டி கெடந்து கத்துச்சு, யாருமே வரல. நானும் போக முடியலீங்க. அதான் இதை மடியில போட்டுக்கிட்டேன். வெளிய உட்டா இழுத்துக்கிட்டுப் போயிருவாங்கன்னு உடலீங்க. விடியக்காலருந்து சத்தத்தைக் காணோம். செத்துப் போச்சுங்களா?"

என் கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கக்கூடத் தோணல. "இல்ல கண்ணு, பேட்டரிதான் தீந்துடுச்சு"ன்னு சொல்லி, கொண்டு வந்ததை மாத்தினேன். மோட்டார் மூணு ஸ்வரம் பாடி முழிச்சுக்கிச்சு. எங்க பயப்படப் போறாளோன்னு நெனச்சேன். அவ என் தோளுக்கு மேல எட்டி, துணியோட சேத்து வண்டியைத் தட்டிக் குடுத்தா. அப்போதான் பாத்தேன், மாதையன் படியிலேருந்து சோத்துத் தட்டோட வந்துக்கிட்டு இருக்காரு. வண்டி இல்ல, ரிமோட் இல்ல, அவரு கையில தட்டு. கதவு சாத்தல. அண்ணன் தட்டைக் கீழ வச்சு எதிர்ல உக்காந்தாரு. அவ ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டா. இப்பவாவது என் வேலையை ஒழுங்காப் பண்ணுவோம்னு, நான் பையிலேருந்து அந்தக் கார்டை எடுத்து மோட்டார் பக்கம் சொருகப் போனேன். அவ சாப்பிட்ட கையோட என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா:

"அழுவறத மட்டும் நிறுத்திப் போடாதீங்கக்கா, அப்பறம் அது தனியாக் கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஆக, என் சக அவஸ்தைக்காரங்களே, சத்தமே வராத மோட்டாரைப் பாத்துப் பாத்துப் பூட்டிக் குடுத்த எனக்கு இந்தத் தொழில்ல கெடைச்ச ஒரே நல்ல பேரு, நான் நிறுத்த மறந்த சத்தத்துக்குத்தான் கெடைச்சுது.